சிக்னலில் நின்றால் கார் ஏன் உதறுகிறது?

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றதும் ஸ்டியரிங் நடுங்குகிறது, கியர் குச்சி ஆடுகிறது, சில நேரம் இன்ஜின் அணைந்தே போகிறது. ஒர்க்‌ஷாப்பில் இதை 'ஐடிலிங் சரியில்லை' என்பார்கள். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் தானாக ஓடும் ஓட்டம்) கெடப் பல காரணங்கள் உண்டு. வரிசையாகப் பார்த்தால் வீண் செலவு இல்லாமல் பிடித்துவிடலாம். இங்கே சொல்வது பெட்ரோல் காருக்கு மட்டும்.

ஓடும்போது இல்லாத உதறல் நின்றால் மட்டும் ஏன்? மெதுவாகப் போகும் சைக்கிள் சின்னக் கல்லுக்கே ஆடிப்போகும். வேகமாகப் போனால் அதே கல் தெரியவே தெரியாது. இன்ஜினும் அப்படித்தான். ஐடிலிங்கில் அது இழுப்பது கொஞ்சம் காற்று, கொஞ்சம் பெட்ரோல். அதில் சிறு பிசகு வந்தாலும் வெளியே தெரிந்துவிடும்.

எல்லா நடுக்கமும் கோளாறா? இல்லை. சூடேறிய பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று சுற்றும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1,200-ஐத் தாண்டி நின்று, பிறகு இறங்குவது சரியான நடத்தைதான். ஏ.சி. போடும்போது ஒரு சின்னக் குலுக்கல் வரலாம். மூன்று சிலிண்டர் கார் என்றால் அதிர்வு கூடவே பிறந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்தால் அதற்காகக் காசைக் கொட்டாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்.பி.எம். முள். கார் உதறுகிறது, முள் அசையாமல் நிற்கிறது என்றால் சந்தேகம் இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர்) மேல் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்தபடி 'டி'யில் போட்டால் உதறல் கூடி, 'என்'னில் குறைந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். முள்ளே துள்ளினால் கோளாறு இன்ஜினுக்குள் இருக்கலாம்.

'மிஸ்ஸிங்' என்கிறார்களே, அது என்ன? ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது. சைலன்சர் பக்கம் நின்று கேளுங்கள்: சீரான சத்தத்துக்கு நடுவே ஒரு துடிப்பு விட்டுவிட்டுக் கேட்கும். பெரும்பாலும் செக் இன்ஜின் விளக்கும் எரியும். அது நிலையாக எரிந்தால் அவசரமில்லாமல் ஒர்க்‌ஷாப் போகலாம். மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) அதிகமாகச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலையோடு பார்த்தால் இழுவை வண்டிக்கான கூலி ஒன்றுமே இல்லை.

எந்தச் சிலிண்டர் என்று எப்படித் தெரியும்? ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்டு ஒன்று என்று சொல்ல முடியவில்லை என்று பொருள். ஆனால் இந்த எண் இடத்தைத்தான் காட்டும், கெட்ட பாகத்தைக் காட்டாது. எண்ணைப் பார்த்ததுமே 'காயில் போச்சு' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனி இக்னிஷன் காயில் (தீப்பொறிக்கு மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) உள்ள கார் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதற்கும் இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 இப்போது பி0302 ஆகிவிட்டதா? காயில்தான் குற்றவாளி. அதே இடத்தில் நிற்கிறதா? காயிலை விட்டுவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஷாக் அடிக்கும், வேண்டாம்.

கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது; புது பிளக் போட்டாலும் அது சில நாளில் அழுக்காகிவிடும், முதலில் கசிவை அடைக்க வேண்டும். சாதாரண பிளக்குகளைப் பொதுவாக 30,000 - 40,000 கிலோமீட்டரில் மாற்றுவார்கள். இரிடியம் வகை அதைவிட நெடுநாள் தாங்கும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

உதறல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் மறைந்துவிடுகிறதா? அப்படியானால் காற்றுப் பாதையைப் பாருங்கள். திராட்டில் பாடி (காற்றைத் திறந்து மூடும் வாய்) ஓரத்தில் கரி ஒட்டினால் ஐடிலிங்கில் காற்று போதாது. அதற்கென்று விற்கும் கிளீனரால் துடைத்தால் போதும். சில கார்களில் துடைத்த பிறகு ஸ்கேனரால் ஐடிலிங்கைப் புதிதாகப் பதியவைக்க வேண்டும். இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செய்யாமல் விட்டால் கார் முன்பைவிட மோசமாகத் தோன்றும்.

இன்னொன்று, வேக்கம் லீக் (இன்ஜினுக்குள் திருட்டுத்தனமாகக் காற்று புகுவது). பானட்டைத் திறந்தால் 'உஸ்' என்ற சத்தம் கேட்கலாம். வெடித்த ரப்பர் ஹோஸ், கழன்ற கிளிப், நம் ஊரில் எலி கடித்த குழாய் என்று காரணம் எதுவும் ஆகலாம். எலி ஒயரையும் விடாது. கூடவே பிரேக் பெடலும் வழக்கத்தைவிடக் கடினமாகிவிட்டதா? பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் கசிவு இருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

பங்க்கில் பெட்ரோல் போட்ட கையோடு தொடங்கிய உதறல் என்றால் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) கழுவுவது இதற்கெல்லாம் பிறகுதான். எடுத்த எடுப்பில் அதைச் சொல்லும் கடைகள் நிறைய.

பிளக், காயில், காற்று, பெட்ரோல் எல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் எரியவில்லையா? கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டருக்கும் அளந்து எண்ணை எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ பழுது. இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். சம்மதம் சொல்வதற்கு முன் அந்த எண்களோடு இன்னொரு மெக்கானிக்கையும் பார்த்துவிடுங்கள்.