சேற்றை அள்ளவும் அனுமதி வேண்டுமா?

தைப்பிங்கிலிருந்து மேற்கே பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் போனால் கோலா செபெத்தாங். மீ ஊடாங் சாப்பிடவும், இருட்டிய பிறகு மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கவும் வார இறுதியில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த ஊர் நல்ல பழக்கம். ஆனால், கடல் வற்றிய நேரத்தில் அந்த ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். படகுத்துறையின் ஓரமெல்லாம் பழுப்பு நிறச் சேறு. கட்டிவைத்த படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மறுபடியும் ஏற்றம் வரும்வரை அந்த மீனவரால் தொழிலுக்குப் போக முடியாது. போனவரால் கரைக்குத் திரும்ப முடியாது. பிடித்த மீனுக்குள்ளே ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்.

"சேறுதானே! ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து அள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. அதற்கு எதற்கு இத்தனை இலாகா, இத்தனை கடிதம்?" என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் தைப்பிங் முன்னணியில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். புக்கிட் லாருட் மலைச்சரிவில் விழும் மழை, மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறது. மிக நுண்ணிய களிமண் துகள்கள் நன்னீரில் எளிதில் படியாமல் மிதந்துகொண்டே வரும். கழிமுகத்தில் உப்பு நீரைச் சந்தித்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகி, கனத்து, கீழே விழுகின்றன. எங்கே நீரோட்டம் தளர்கிறதோ அங்கே அதிகமாக விழும். படகுகள் கட்டும் இடம் எப்போதும் நீரோட்டம் தளர்ந்த இடம்தானே? மரக்கால்களும் மிதவைகளும் படகுகளும் சேர்ந்து ஓட்டத்தை இன்னும் மட்டுப்படுத்துகின்றன. ஆக, துறை இருக்கும் இடத்தில் சேறு சேர்வது யாருடைய தவறும் அல்ல. வாரினாலும் மறுபடியும் வரும்.

இந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கப்பலேற்றுவதற்காக 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கே ஓடியதுதான் மலாயாவின் முதல் ரயில். ரயில் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. அதில் ரூமி, ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. பார்க்காதவர்கள் அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

கோலா செபெத்தாங்கிலும், படகில் மட்டுமே போகக்கூடிய கோலா சங்காவிலும் வீடுகள் மரக்கால்களின் மேல் நிற்கின்றன. வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. வாசலில் கட்டிய படகுதான் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. சங்கா பெசார் ஆற்றின் மீன் கூண்டுகளின் நிலை வேறு. அவை மிதவைகளின் மேல் கட்டப்பட்டவை. மீனுக்குக் காவல் இருப்பவர் தங்கும் குடிலும் கூடவே மிதக்கும். அடியில் சேறு உயர்ந்தால் வற்றத்தின்போது வலை தரையைத் தொடும். அதற்குக் கீழே நீர் ஓடாது. மீனுக்குப் பிராணவாயு குறையும். மிதவை ஒரு பக்கம் சேற்றிலும் மறு பக்கம் நீரிலும் நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

முழு வீடே மிதக்கும் இடங்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்தை ஒட்டிய கொலம்பியா, வில்லமெட் ஆறுகளில் பெரிய மரத்தண்டுகளின் மேலோ கான்கிரீட் மிதவைகளின் மேலோ குடும்பங்கள் வீடு கட்டி வாழ்கின்றன. நீர் ஏறினால் வீடு ஏறும், இறங்கினால் இறங்கும். அங்கேயும் சேறு சேர்கிறது. நீர் குறைந்த காலத்தில் வீடு தரை தட்டிச் சாய்ந்தால் கதவு மூடாது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இழுபட்டு உடையும். அவர்களும் தூர்வார அனுமதிக்கு அலைகிறார்கள். ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி ஒன்று. அது 1899ஆம் ஆண்டின் ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்திலிருந்து வருகிறது. மாநில நிலத் துறையின் அனுமதி இன்னொன்று. சால்மன் மீன்கள் ஆற்றில் போய்வரும் மாதங்களில் வாரவே கூடாது என்ற கட்டுப்பாடு வேறு.

நம் நாட்டுக்கு வருவோம். ஆறு மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. பேராக்கில் 1920ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இன்னும் பொருந்துகிறது. ஆற்றுப் பராமரிப்பு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வேலை. கப்பல், படகுப் போக்குவரத்தென்றால் கடல்துறை இலாகா. மீன் கூண்டு, கெராங் பாத்தி என்றால் மீன்வள இலாகா. ஆற்று மணலை அள்ளி வெளியே கொண்டுபோக நில அலுவலகத்தின் பெர்மிட். கரையோரத்து பாக்காவ் காட்டுக்கு வன இலாகா. கிராமத்துத் தலைவர் ஒருவர் இந்த வரிசையைக் கேட்டாலே தலைசுற்றிப் போவார் என்பதில் வியப்பில்லை.

இதற்கு மேல் சுற்றுச்சூழல் இலாகா. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடப்புக்கு வந்த ஆணையின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தே ஆகவேண்டிய பணிகளின் பட்டியலில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, புதிதாக ஆழப்படுத்தும் தூர்வாரல். மற்றொன்று, தூர்வாரிய கழிவைக் கொண்டுபோய்க் கொட்டுவது. ஏற்கெனவே இருந்த ஆழத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் பராமரிப்பு வேலை அங்கே தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால், வாரிய சேறு எங்கே போகிறது என்ற கேள்வி வந்ததும் அந்த வேலையும் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. சட்டத்தின் கண் இயந்திரத்தின் மேல் இல்லை, சேற்றின் மேல்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

"சேறு நல்ல உரமாயிற்றே, தோட்டத்தில் போடலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் குடிமராமத்து என்ற பெயரில் ஊர் கூடி ஏரியைத் தூர்வாரி, வண்டலை வயலில் பரப்பிய வழக்கம் நம் முன்னோர்களுடையது. 2017ஆம் ஆண்டு அந்தப் பெயரிலேயே தமிழ்நாட்டு அரசாங்கம் மறுபடியும் திட்டம் தொடங்கியது. அது நன்னீர் ஏரியின் வண்டல். கழிமுகச் சேற்றின் கதை வேறு. உப்பு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பாக்காவ் காட்டுச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற பொருள் இருப்பது. நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. வாரிக் கரையில் காயப்போட்டால் காற்றுப் பட்டு அது கந்தக அமிலத்தைக் கக்கும். மழை பெய்ததும் அந்த அமிலம் வாய்க்காலில் இறங்கும். செடி கருகும், மீன் சாகும்.

சரி, மறுபடியும் கடலிலேயே கொட்டிவிட்டால்? அருகிலேயே கெராங் வளரும் சேற்றுத் திட்டுகள் இருக்கின்றன. கெராங் சேற்றில் வாழ்வதுதான். ஆனாலும் மேலே ஒரே நாளில் கனமாக மண் விழுந்தால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். 2010ஆம் ஆண்டு நாட்டின் கெராங் உற்பத்தி 78,000 டன் அளவில் இருந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பெருமளவு சரிந்துவிட்டது. காரணங்கள் பல. அந்த நிலையில் இன்னொரு சுமையை ஏற்றலாமா என்று மீன்வள இலாகா தயங்கினால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மீனவரின் படகுக்கு வழி விடப் போய், இன்னொரு மீனவரின் பாத்தியை மூடிவிடக் கூடாது. சுற்றியிருப்பதோ 1906ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டுவரும் மாத்தாங் பாக்காவ் காடு, 40,000 ஹெக்டர். சேற்றைக் கொட்டி மேடாக்கினால் பாக்காவ் வேர்கள் மூச்சுவிட வழியின்றி மரம் பட்டுப்போகும்.

சேற்றில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் கேள்விக்குரியது. போர்ட்லண்டில் துறைமுகத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் விட்ட கழிவு வில்லமெட் ஆற்றின் அடியில் படிந்திருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் அந்தப் பகுதியை முன்னுரிமை தந்து சுத்தம் செய்யவேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே சேற்றைச் சோதனை செய்யாமல் ஒரு வாளி அள்ளினாலும், அடங்கிக் கிடந்த நஞ்சு நீரோடு கலந்துவிடும். கோலா செபெத்தாங்கில் அத்தகைய தொழிற்சாலைகள் இல்லை. என்றாலும் படகுப் பட்டறைகளின் எண்ணெய், படகின் அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் நச்சுச் சாயம் ஆகியவை சேறு சேரும் இடத்தில்தான் சேரும். சோதனை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இப்படிச் சொல்வதால் தாமதம் எல்லாம் நியாயமாகிவிடாது. பத்துப் பதினைந்து படகு கட்டும் சின்னத் துறைக்கும் பெரிய துறைமுகத்துக்கும் ஒரே அளவு காகிதம் கேட்டால், ஏழை மீனவர் அனுமதி கேட்கவே மாட்டார். இரவோடு இரவாக அள்ளி ஆற்றின் நடுவில் தள்ளிவிடுவார். அது எல்லாவற்றிலும் மோசம். அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 35ஆம் எண் பொது அனுமதி என்று பெயர். ஏற்கெனவே உள்ள படகுத்துறையை, முன்பு அனுமதித்த ஆழத்துக்கு மேல் போகாமல், சேற்றை நீர்நிலைக்கு வெளியே கொண்டுபோவதானால், முழு விண்ணப்பத்தின் நீண்ட பாதை தேவையில்லை. சிறு துறைகளுக்கு இந்த மாதிரி ஏற்பாடு எங்கேயும் பொருந்தும்.

ஆனால், அதைப் பயன்படுத்த ஒரு தாள் வேண்டும்: முன்பு இந்தத் துறை எவ்வளவு ஆழம் இருந்தது என்ற பதிவு. அது இல்லாவிட்டால் பராமரிப்பு வேலையும் புதிதாகத் தோண்டும் வேலையாகவே கணக்கிடப்படலாம். புதிது என்றதும் மதிப்பீடு, ஆலோசகர், செலவு எல்லாம் பின்னால் வரும். மீனவர் சங்கத்தார் ஒரு படகில் ஏறி, நீளக் கழியில் அளவுகோல் குறித்து, வற்றத்தின் உச்சத்தில் துறையின் பத்து இடங்களில் ஆழத்தை அளந்து, தேதியும் நேரமும் போட்டு, ஆண்டுக்கு இருமுறை எழுதி வைக்கலாம். கடைசியாகத் தூர்வாரியபோது வந்த இலாகாக் கடிதத்தையும் அதோடு சேர்த்து வைக்க வேண்டும். இவை இலாகா நடத்தும் முறையான அளவைக்கு ஈடாகாதுதான். ஆனால் படகு சாயத் தொடங்கிய பிறகு எழுதும் மனுவைவிட, துறை ஆண்டுக்கு எவ்வளவு தூர்கிறது என்று காட்டும் கணக்கோடு போகும் மனுவை எந்த அதிகாரியும் வேகமாகப் படிப்பார்.