காத்திருந்த இரண்டு மணி நேரம்

மழைக்கால இரவொன்றில், குளியலறையில் வழுக்கி விழுந்த என் தாயாரை நகரிலுள்ள ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். அவருக்கு வயது 78. இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்பது பின்னரே தெரிந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தப்பட்டு, சுவரோரமாக இரண்டு மணி நேரம் அவர் காத்திருந்தார்.

எங்களுக்குப் பின் ஒருவர் வந்தார். நடந்தே வந்தார். மார்பைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார், அவ்வளவே. அவரை உடனே உள்ளே அழைத்துச் சென்றனர். “சிபாரிசு இருக்கும்” என்றான் என் தம்பி. நானும் அதை நம்பினேன். என் உள்ளம் கொதித்தது.

நம் குடும்பங்களில் பலருக்கும் இத்தகைய அனுபவம் இருக்கக்கூடும். ஆகவே அங்கு நடப்பது என்ன என்பதை அறிந்திருத்தல் நலம். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவருக்கே முதல் இடம் என்ற நியதி இல்லை. உயிருக்கு ஆபத்து உள்ளவர் சிவப்பு, விரைவில் கவனிக்க வேண்டியவர் மஞ்சள், காத்திருக்கக் கூடியவர் பச்சை என நோயாளிகள் வகைப்படுத்தப்படுகின்றனர். நெப்போலியனின் படையில் மருத்துவராயிருந்த லாரே என்பவர், பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையையே பார்த்துச் சிகிச்சையளிக்க முற்பட்டார். இம்முறையின் வேர் அங்கே இருக்கிறது. இதயக் குழாய் அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழிகிறது. எலும்பு முறிவோ, பெரும் வேதனை தந்தாலும், பெரும்பாலும் சற்றுப் பொறுக்கும்.

இந்த நியாயத்தை எவரேனும் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் ஒருவரும் சொல்லவில்லை. காத்திருக்கும் நோயாளியை வலி மட்டுமன்று, தாம் மறக்கப்பட்டோம் என்ற எண்ணமும் வாட்டுகிறது. இறுதியில் ஒரு செவிலியர் வந்து அம்மாவின் கையைப் பற்றினார். “பாட்டி, உள்ளே இருப்பவருக்கு மாரடைப்பு. டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு உங்களிடம்தான் வருவார். அதுவரை வலிக்கு ஊசி போடச் சொல்லியிருக்கிறார்” என்றார். அந்த ஊசியை முன்னரே போட்டிருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும், ஊசி வேலை செய்யுமுன்பே அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. “அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வானா?” என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. நான் தலைகுனிந்தேன்.

நமக்குள்ள உரிமைகளையும் அறிந்திருப்போம். விபத்தில் காயமுற்ற ஒருவரை, போலீஸ் வழக்கு என்று கூறி ஒரு மருத்துவமனை ஏற்க மறுக்க, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொன்றுக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் இறந்ததாகச் செய்தித்தாளில் வந்தது. அச்செய்தியைக் கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், உயிரைக் காப்பதே முதற்கடமை, மற்ற நடைமுறைகள் பிறகே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் அடிபட்டோருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது. நாம் சிறுவயது முதல் அறிந்த நல்ல சமாரியரின் பெயராலேயே அவரை அச்சட்டம் அழைக்கிறது.

நம் பங்கும் உண்டு. மார்புவலியை வாயுக் கோளாறென்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் இச்சேவைக்குக் கட்டணமில்லை. வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை தளர்ந்தாலோ, அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். உண்டுவரும் மாத்திரைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். காத்திருக்கையில் நோயாளியின் நிலை மாறினால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அது தொந்தரவு அன்று. பச்சையில் இருப்பவர் சிவப்புக்கு மாறக்கூடும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மா இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். அந்த மனிதர் என்ன ஆனார் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா மட்டும், மாலையில் திண்ணையில் அமரும்போது, அவரைப் பற்றி இன்னமும் விசாரிக்கிறார்.