வலு மிக்க மோட்டார் சைக்கிள் யாருக்கு ஏற்றது?

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவில், வடமராட்சியின் முக்கியமான கடைத்தெருவாக அமைந்திருப்பது நெல்லியடி. காலை ஏழரை மணிக்கு அச்சந்தியைக் கடந்து செல்வோரை எண்ணிப் பார்த்தால், மோட்டார் சைக்கிள் நம் வாழ்க்கையில் எத்துணைப் பெரிய இடத்தைப் பெற்றுவிட்டது என்பது விளங்கும். பிள்ளையைப் பின்னிருத்திப் பாடசாலைக்குச் செல்லும் தாய், வெங்காய மூடையைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வரும் கமக்காரர், கந்தோருக்கு விரையும் எழுதுவினைஞர், இவர்களிடையே பேரோசையோடு புகுந்து செல்லும் இளைஞர் என்று பலரும் அங்கே உளர். இவர்கள் எல்லோருடைய தேவையும் ஒன்றன்று; ஆதலின், எல்லோருக்கும் ஒரே வண்டி பொருந்துதலும் இயலாது. வலு மிக்க வண்டியொன்றை வாங்க விரும்பும் ஒருவர், அது தாம் வண்டி செலுத்தும் முறைக்கு ஏற்றதுதானா என்பதை எவ்வாறு துணிவது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண், வலு என்பது யாதென்று தெளிதல் வேண்டும். வண்டி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் எஞ்சினின் கொள்ளளவையே கேட்கின்றனர். நூறா, நூற்றைம்பதா, இருநூற்றைம்பதா என்பதே அவர்களுடைய முதல் வினா. உருளைக்குள் பிஸ்ரன் ஒருமுறை கடந்து செல்லும் இடத்தின் பருமனே கொள்ளளவு. அது வலுவின் அளவன்று. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். றோயல் என்பீல்ட் கிளாசிக் 350 என்னும் வண்டியின் எஞ்சின் 349 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,100 சுழற்சிகளில் 20 பரிவலுவைத் தருகின்றது. பரிவலு என்பது குதிரைத்திறன். 2013 இல் வெளிவந்த கே.டி.எம். டியூக் 390 என்னும் வண்டியின் எஞ்சினோ 373 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அது உயர்ந்த சுழற்சியில் ஏறத்தாழ 43 பரிவலுவைத் தந்தது. கொள்ளளவில் உள்ள வேற்றுமை சிறிது. வலுவிலோ அது இருமடங்கு.

இவ்விரண்டும் இயல்பிலும் வேறுபட்டவை. முன்னது தாழ்ந்த சுழற்சியிலேயே நிதானமாக இழுத்துச் செல்லும். சந்திக்குச் சந்தி நின்று புறப்படுவோருக்கும், பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்வோருக்கும் அவ்வியல்பு இசைவானது. பின்னது சுழற்சி உயர உயரத் தன் வலுவை வெளிப்படுத்தும். கியரைத் தக்கபடி மாற்றி, எஞ்சினை உயர்ந்த சுழற்சியில் வைத்திருக்க வல்லவருக்கே முழுப் பயனையும் தரும். ஆகவே, எத்தனை பரிவலு என்று கேட்பதோடு, அந்தப் பரிவலு எந்தச் சுழற்சியில் கிடைக்கின்றது என்றும் கேட்டல் வேண்டும். நாம் ஒருபோதும் எட்டாத சுழற்சியில் கிடைக்கும் வலுவுக்குப் பணம் கொடுத்தல் வீண்.

அடுத்து, நமக்கு வேண்டிய வலு எவ்வளவு? சமதரையில் ஓடும் வண்டிக்கு இரண்டு தடைகளே உள. ஒன்று ரயரின் உருளல் தடை, மற்றையது காற்றின் தடை. நிமிர்ந்து அமர்ந்து செலுத்தும் ஒருவர் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதற்குச் சில்லில் வேண்டிய வலு ஏறத்தாழ ஐந்து பரிவலுவேயாம். வேகம் இருமடங்கானால் காற்றை வெல்ல வேண்டிய வலு எட்டு மடங்காகும். ஆதலின், அதே ஆள் 140 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ முப்பது பரிவலு வேண்டும். 1958 ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் 49 கன சென்ரிமீற்றர் வண்டி 4.5 பரிவலுவையே தந்தது. அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017 இல் பத்துக் கோடியைத் தாண்டியது. உலகின் பெருந்தொகையான மக்களுடைய அன்றாடத் தேவை எவ்வளவு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டினர் இவ்வுண்மையை அனுபவத்தாலும் அறிவர். 1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருட் தடை நிலவிய காலத்தில், சிறிது பெற்றோல் ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர். வலுக் குன்றிய அவ்வண்டிகளே நோயாளரையும் பொதிகளையும் சுமந்தன. அண்மையில், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, கியூ.ஆர். அட்டை முறையின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோலே வழங்கப்பட்டது. லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் சிறு வண்டிக்கு அது இருநூறு கிலோமீற்றர். லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் மட்டும் ஓடும் பெரிய வண்டிக்கோ எண்பது கிலோமீற்றர். வலுவை விரும்புவோர் இக்கணக்கையும் நினைவில் வைத்தல் நன்று.

இனி, தெருவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு விதிக்கப்பட்ட பொதுவான வேக எல்லை, மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் 50 கிலோமீற்றரும், ஏனைய இடங்களில் 70 கிலோமீற்றருமாகும். அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை முறைப்படி பயன்படுத்தக்கூடிய தெரு நம் நாட்டு மோட்டார் சைக்கிளோட்டிக்கு இல்லை என்பதே இதன் பொருள்.

நெல்லியடியைச் சூழ்ந்த தெருக்களை நோக்குவோம். 2009 இல் போர் முடிந்த பின்னர்ப் பெருந்தெருக்கள் பல அகலமாக்கப்பட்டு, வழுவழுப்பான தார்ப் பரப்பைப் பெற்றுள்ளன. ஆனால் அத்தெருக்களில் வந்து சேரும் ஒழுங்கைகள் பழைய ஒழுங்கைகளே. இருபுறமும் வேலியோ மதிலோ மறைத்து நிற்க, அவற்றின் வாயிலிலிருந்து சைக்கிளில் ஒரு முதியவரோ, ஆட்டுக்குட்டியைத் துரத்தி வரும் சிறுவனோ திடீரெனத் தோன்றக்கூடும். வல்லை வெளியிலோ நிலைமை வேறு. அங்கே கடனீரேரியின் மேலாகச் சோளகக் காற்று தடையின்றி வீசும். எடை குறைந்த வண்டியை அது பக்கமாகத் தள்ளும். மணற்காட்டுப் பக்கத்தில் காற்று அள்ளி வந்த மணல் தெருவில் படிந்திருக்கும்; அதன்மேல் வலுவைத் திடீரெனக் கூட்டினாலும் பிறேக்கைத் திடீரென அழுத்தினாலும் சில்லு வழுக்கும். தெரு திருந்தியது வேகத்தைத் தூண்டுகின்றது. ஒழுங்கை திருந்தாமை அவ்வேகத்தைத் தண்டிக்கின்றது.

ஆதலின், எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்பதற்கு முன்னர், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டல் வேண்டும். காய்ந்த தார்த் தெருவில் நன்கு பிறேக் பிடிப்பவர் வினாடிக்கு ஏழு மீற்றர் வீதம் வேகத்தைக் குறைக்கிறார் என்றும், இடரைக் கண்டு கை செயற்பட ஒரு வினாடி கழிகின்றது என்றும் கொள்வோம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஏறத்தாழ 28 மீற்றரில் நிற்பார். 70 கிலோமீற்றரில் அது 46 மீற்றராகும். 100 கிலோமீற்றரிலோ 83 மீற்றர் வேண்டும். ஒழுங்கையிலிருந்து வரும் சிறுவன் நாற்பது மீற்றர் முன்னே தோன்றினால், முதலாமவர் நின்றுவிடுவார், மற்றையோர் நிற்கமாட்டார். எஞ்சினின் வலு இதில் எவ்வகையிலும் உதவுவதில்லை.

வலுவுக்கு ஏற்ற பிறேக் அமையாவிடில் நேர்வது யாது என்பதற்கு இந்திய வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யமஹாவின் ஆர்.டி. 350 என்னும் வண்டியை எஸ்கோட்ஸ் நிறுவனம் 1983 ஆம் ஆண்டு முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியாவில் உற்பத்தி செய்தது. அதன் வலுக்கூடிய வகை ஏறத்தாழ முப்பது பரிவலுவைத் தந்தது. அக்காலத்து இந்தியத் தெருவில் அது பெருவியப்பு. ஆனால் மூல வண்டியின் முன்சில்லில் இருந்த தட்டுப் பிறேக்குக்குப் பதிலாக, இந்திய வண்டியில் பறைப் பிறேக்கே பொருத்தப்பட்டது. விரைவாகச் செல்வது எளிது, நிற்பது அரிது என்னும் பெயர் அதற்கு ஏற்பட்டது. இன்று நிலைமை திருந்தியுள்ளது. 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சில்லு பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். பிறேக்கை 2019 முதல் இந்தியா கட்டாயமாக்கியது. வலு மிக்க பழைய வண்டியை வாங்குவோர் அது உண்டா இல்லையா என்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

வண்டியைப் பற்றி இவ்வளவு கூறினோம். செலுத்துபவரைப் பற்றியும் ஆராய்தல் வேண்டும். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவர் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த தொள்ளாயிரம் வரையான மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்தார். 1981 இல் வெளிவந்த அவ்வறிக்கை இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. விபத்துக்குள்ளானோரில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, உறவினரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பொதுவாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்களாயினும், விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாதத்துக்கும் குறைந்த பழக்கமே உடையவர்கள். இடர் நேர்ந்தபோது பெரும்பாலோர் பின்பிறேக்கை மிகையாக அழுத்திச் சில்லை வழுக்கச் செய்தனர். முன்பிறேக்கைப் போதியவாறு பயன்படுத்தவில்லை. பெரிய எஞ்சின் பூண்ட வண்டிகள் விபத்தில் மிகுதியாகச் சிக்கவில்லை. ஆனால் சிக்கியபோது காயம் கடுமையாக இருந்தது. ஆதலின், வலுவே குற்றமுடையது என்று கூறுதல் பொருந்தாது. பழகாத கையில் வலு சேரும்போதே ஆபத்து மிகுகின்றது. தவறு நேர்ந்தால் அதற்கான விலையும் உயர்கின்றது.

இக்காரணம் பற்றியே பல நாடுகள் படிப்படியான அனுமதி முறையை வகுத்துள்ளன. சிங்கப்பூரில் முதலில் 200 கன சென்ரிமீற்றர் வரையான வண்டிக்கே அனுமதி கிடைக்கும். ஓராண்டு கழிந்த பின் 400 வரை. மேலும் ஓராண்டின் பின்னரே அதற்கு மேற்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் 125 கன சென்ரிமீற்றர், 35 கிலோவாற்று, எல்லையற்றது என்னும் மூன்று படிகள் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டிலோ 100 கன சென்ரிமீற்றர் என்னும் ஒரே கோடுதான் உண்டு. அதற்கு மேற்பட்ட வகைக்குரிய சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றவர், சட்டப்படி 125 ஐயும் ஓட்டலாம், ஆயிரத்தையும் ஓட்டலாம். சட்டம் வகுக்காத படிகளை நாமே வகுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வண்டி வாங்குவோரும் தம் வலியை அளந்தறியச் சில வினாக்கள் உள. இப்போது உள்ள வண்டியில், காய்ந்த வெறுந்தெருவில், 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்து மீற்றருக்குள், சில்லு வழுக்காமல் நிறுத்த உங்களால் இயலுமா? இயலாவிடில், வேண்டுவது பயிற்சியே. வளைவின் நடுவே அக்சிலேற்றரைத் திடீரென விடும் பழக்கமோ கூட்டும் பழக்கமோ உங்களுக்கு உண்டா? உண்டாயின், மெலிந்த எஞ்சின் மன்னிக்கும் அப்பிழையை வலிய எஞ்சின் மன்னிக்காது. ஒரு மாதத்தில் எத்தனை முறை உங்கள் வண்டியின் வலு போதாமற் போயிற்று? முந்திச் செல்ல இயலாமற் பின்னடைந்ததையே குறையாகக் கருதினீர்களா, அல்லது பாரம் ஏற்றியபோது உண்மையிலேயே இடர்ப்பட்டீர்களா? சாய்ந்து விழுந்த வண்டியைத் தனியே நிமிர்த்த உங்களால் ஆகுமா? ரயர், சங்கிலி, பிறேக்கட்டை ஆகியவற்றை உரிய காலத்தில் மாற்றப் பணம் உண்டா? பெரிய வண்டியில் தேய்ந்த ரயரோடு செல்வது, சிறிய வண்டியில் செல்வதினும் கேடானது.

இவ்வினாக்களுக்குத் தக்க விடை கூற வல்லோர்க்கு வலு மிக்க வண்டி பொருந்தும். கண்டி வீதி வழியே தென்னிலங்கைக்கு அடிக்கடி நெடும்பயணம் செல்பவர், இருவராகப் பொதியோடு செல்பவர், லொறிகளைப் பாதுகாப்பான இடைவெளியில் விரைந்து கடக்க வேண்டியவர், பல ஆண்டு பழகி அக்சிலேற்றரை மெல்லெனத் திருப்பும் கை வாய்த்தவர் ஆகியோருக்கு அது களைப்பைக் குறைக்கும். காற்றில் நிலைபேற்றையும் தரும். அவர்களும் புதிய வண்டியில் முதல் ஐந்து மாதங்களைப் பயிற்சிக்காலமாகக் கொள்ளுதல் அறிவுடைமை. நெல்லியடிக்கும் கரவெட்டிக்கும் இடையே நாளுக்கு நான்குமுறை சென்று வருபவருக்கோ நூறு அல்லது நூற்றிருபத்தைந்து போதும். அதற்கு மேற்பட்டது பாரமும் செலவுமேயாகும்.

இறுதியாக, வண்டியை வாங்கிக் கொடுப்போருக்கும் ஒரு சொல். பரீட்சையில் தேறிய தம்பிக்கும் மருமகனுக்கும் கடல் கடந்து வாழும் மாமாவோ அண்ணனோ பணம் அனுப்பி வண்டி வாங்கிக் கொடுத்தல் நம் குடும்பங்களில் வழக்கமாகி வருகின்றது. அது அன்பின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர் வண்டியின் படத்தைத்தான் காண்பார். வல்லை வெளியின் காற்றையும் ஒழுங்கை வாயிலையும் காணார். ஆகவே, அனுப்பும் பணத்தில் முதற்பங்கு நல்ல தலைக்கவசத்துக்கும் முறையான பயிற்சிக்கும் செல்லட்டும். சிறு வண்டியில் ஈராண்டு பழகட்டும். அதன் பின்னரும் தேவை உண்டாயின், பெரிய வண்டியைப் பற்றிப் பேசலாம். இரண்டு ஆண்டு காத்திருத்தல் இளைஞருக்கு நெடிதாகத் தோன்றும். மாலையில் பிள்ளை வீடு திரும்பும்வரை படலையைப் பார்த்திருக்கும் தாய்க்கு அது நெடிதன்று.