காஷ்மீர் டிரிப்பை கேன்சல் பண்ணோம்... ஆனா உண்மையான ரிஸ்க் எங்க இருந்துச்சு?



2025 மே 11. எங்க வீட்டு காலண்டர்ல அந்தத் தேதியை என் பொண்ணு சிவப்பு ஸ்கெட்ச்ல வட்டம் போட்டு வச்சிருந்தா. சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர், அஞ்சு நாள் டிரிப். ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்ன செய்தி வந்த ராத்திரி, மூணு பேரும் டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தோம். யாரும் எதுவும் பேசலை. மறுநாள் காலையில முதல் வேலையா எல்லாத்தையும் கேன்சல் பண்ணேன். ஹோட்டல் அட்வான்ஸும் டெல்லி வரைக்குமான டிக்கெட்டும் சேர்த்து 31,000 ரூபாய் போச்சு.

கேன்சல் பண்ணது தப்புன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. மே 7க்கு அப்புறம் ஸ்ரீநகர் உட்பட நிறைய ஏர்போர்ட்டை சில நாள் மூடிட்டாங்க. எப்படியும் போயிருக்க முடியாது. நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது.

பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலை. சரி, கொடைக்கானலாவது போலாம்னு முடிவு பண்ணோம். ரயில்ல டிக்கெட் கிடைக்கலை. ஆபீஸ் வேலையை முடிச்சிட்டு ராத்திரி 10 மணிக்கு காரை எடுத்தேன். திருச்சி தாண்டி மணப்பாறை பக்கம் போகும்போது விடியக்காலை மணி நாலு. ஒரு செகண்ட்தான் கண்ணு சொக்குச்சு. முழிச்சுப் பார்த்தா, முன்னாடி ரோட்டோரமா லைட்டே இல்லாம ஒரு லாரி நிக்குது. ஸ்டியரிங்கை எப்படி ஒடிச்சேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. பின் சீட்ல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. பெல்ட் போடலை.

அய்யலூர்ல ஒரு டீக்கடையில நிறுத்தினோம். என் கை நடுங்கிட்டு இருந்துச்சு. டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே என் மனைவி கேட்டாங்க: "ஏங்க, உங்க டேர்ம் பாலிசியில நாமினி இன்னும் மாமா பேருதானே இருக்கு?"

எங்க அப்பா இறந்து நாலு வருஷம் ஆச்சு.

பணத்தைப் பத்தி ஊருக்கே வீடியோ போடுறவன் நிலைமை இது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் பண்ண அதே தப்பை 2001ல ஒரு நாடே பண்ணியிருக்கு. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவுல நிறைய பேர் ஃப்ளைட்ல ஏறவே பயந்தாங்க. அதுல ஒரு பகுதி ஆளுங்க தூர ஊர்களுக்கும் கார்லயே கிளம்பினாங்க. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் கெர்ட் கிகெரென்சர் அந்த ஒரு வருஷத்து சாலை விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஃப்ளைட்டைத் தவிர்த்து ரோட்டுல போனதால கூடுதலா செத்தவங்க சுமார் 1,500 பேர்னு அவர் மதிப்பிட்டார். கடத்தப்பட்ட அந்த நாலு விமானத்துலயும் இருந்த பயணிகள், ஊழியர்கள் மொத்தம் 246 பேர். அதைவிட ஆறு மடங்கு பேர், ஒருத்தர் ஒருத்தரா, எந்த டிவியிலயும் வராம ரோட்டுல போயிட்டாங்க.

நம்ம ஊர் கணக்கைப் பாருங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கைப்படி 2022ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884. அதாவது நம்ம மாநிலத்துல தினமும் 49 பேர். இறந்தவங்கள்ல 100க்கு 44 பேர் டூவீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டுமே 50,000 பேருக்கு மேல. தீவிரவாதத் தாக்குதல் செய்தியை ராத்திரி 12 மணி வரைக்கும் பார்த்துட்டு, காலையில ஹெல்மெட் இல்லாம பால் வாங்கப் போறோம் பாருங்க, அங்க நம்ம மனசு கணக்குல பெயில்.

ஏன் இப்படி? அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருது. ஒரே இடத்துல நிறைய பேர் சாகுறாங்க. நம்ம கையில எதுவும் இல்லைங்கிற உணர்வு வேற. ரோட்டுல ஸ்டியரிங் என் கையில இருக்கு, அதனால பத்திரமா இருக்கேன்னு நினைச்சுக்கறோம். மணப்பாறையில ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துச்சு.

"ரெண்டையும் ஒண்ணா பேசலாமா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. விபத்து விபத்துதான், இது ஒருத்தன் திட்டம் போட்டுப் பண்ற கொலை. 1998 பிப்ரவரி 14ல கோயம்புத்தூர்ல குண்டு வெடிச்சப்போ அங்க இருந்தவங்ககிட்ட போய் சதவீதக் கணக்கு சொல்ல முடியாது. அதே மாதிரி, காஷ்மீர்லயே வாழ்றவங்களோட ரிஸ்க்கும் அஞ்சு நாள் டூர் போற நம்மளோட ரிஸ்க்கும் ஒண்ணு கிடையாது. தாக்குதலைத் தடுக்க வேண்டியது அரசாங்கத்தோட வேலை. ஆனா நம்ம குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு பண்றப்போ, எது நடக்க வாய்ப்பு அதிகமோ அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

இன்சூரன்ஸ் விற்கிறவங்களுக்கு இந்தப் பயம் நல்லாவே உதவும். 1993ல எரிக் ஜான்சனும் சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. விமானப் பயணத்துக்கு ஒரு லட்சம் டாலர் கவர் வேணும்னா எவ்வளவு கொடுப்பீங்கன்னு கேட்டாங்க. ஒரு குழுகிட்ட, தீவிரவாதத்தால இறந்தா பணம்னு சொன்னாங்க. இன்னொரு குழுகிட்ட, எந்தக் காரணத்தால இறந்தாலும் பணம்னு சொன்னாங்க. முதல் குழு சராசரியா 14 டாலருக்கு மேல கொடுக்கத் தயார். ரெண்டாவது குழு சுமார் 12 டாலர்தான்! எந்தக் காரணமா இருந்தாலும்ங்கிறதுல தீவிரவாதமும் அடக்கம்தானே? கம்மியா கிடைக்கிற பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறாங்க. 'தீவிரவாத கவர்'னு தனியா ஒரு பேரு போட்டு யாராவது வித்தா, இந்த 14 டாலரை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன்னா, பெரும்பாலும் அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும். சாதாரண டேர்ம் பாலிசியில நோய், விபத்து, தீவிரவாதத் தாக்குதல் எல்லா மரணத்துக்கும் பொதுவா கிளெய்ம் உண்டு. முக்கியமான விலக்கு முதல் வருஷத்துல நடக்கிற தற்கொலை. காம்ப்ரிஹென்சிவ் கார் பாலிசியில தீவிரவாதச் செயலால வர்ற சேதமும் அடக்கம். வெறும் தேர்டு பார்ட்டின்னா கிடையாது. ஐஆர்சிடிசியில டிக்கெட் போடும்போது 45 பைசாவுக்கு ஒரு இன்சூரன்ஸ் கேட்கும், பார்த்திருப்பீங்க. ரயில் விபத்து, ரயில்ல நடக்கிற தீவிரவாதத் தாக்குதல் ரெண்டுக்கும் சேர்த்து 10 லட்சம் கவர். அதை டிக் பண்ணிட்டு விட்டுடுறோம். அதுக்கப்புறம் வர்ற லிங்க்ல நாமினி பேரை நிரப்பணும். எத்தனை பேர் நிரப்பியிருக்கீங்க?

கடை, குடோன் வச்சிருக்கிறவங்க மட்டும் தீ பாலிசியை எடுத்து ஒருமுறை பாருங்க. நிறைய பாலிசியில தீவிரவாத கவரைத் தனியா காசு கட்டிச் சேர்த்திருக்கணும். செப்டம்பர் 11க்கு அப்புறம் வெளிநாட்டு ரீஇன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்த ரிஸ்க்கை எடுக்கத் தயங்கினதால, 2002ல நம்ம பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இதுக்குன்னே ஒரு பூல் ஆரம்பிச்சாங்க. ஜிஐசி ரீ அதை நடத்துது.

டேர்ம் எடுக்க இப்போ வசதி இல்லையா? பேங்க் அக்கவுண்ட் இருந்தா, 18லிருந்து 70 வயசுக்குள்ள இருந்தா, பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுல வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்து கவர் கிடைக்கும். மே மாசக் கடைசியில அக்கவுண்ட்ல அந்த 20 ரூபாய் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

கொடைக்கானல் போய் இறங்கின அன்னைக்கு மதியமே ரூம்ல உட்கார்ந்து ஆன்லைன்ல நாமினியை மாத்தினேன். மனைவி பேரு, பொண்ணு பேரு, மைனருக்கு அப்பாயின்டியா மச்சான் பேரு. மொத்தம் பதினஞ்சு நிமிஷம். மாத்தாம விட்டு எனக்கு ஏதாவது ஆகியிருந்தா, வாரிசு சான்றிதழுக்காக என் மனைவி எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பாங்களோ. திரும்பி வரும்போது பகல்லதான் ஓட்டினேன். பின் சீட்லயும் பெல்ட்.

உங்க பாலிசியை இன்னைக்கு எடுத்து நாமினி பேரைப் பாருங்க. யார் பேரு இருந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க.