வாசனை கிருமியைக் கொல்லாது

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ‘கிருமிநாசினிச் சுரங்கம்’ அமைத்தார்கள். சந்தைக்கு வருபவர்கள் சில விநாடிகள் அதற்குள் நடந்தால் போதும், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் மேலே தெளித்துவிடும். பார்த்த எல்லா ஊர்களுக்கும் ஆசை வந்தது. அதே மாதம் 18-ஆம் தேதி, மனிதர்கள் மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்றது மத்திய சுகாதார அமைச்சகம். நவம்பரில், இத்தகைய சுரங்கங்களுக்குத் தடை விதிக்கும் உத்தரவை வெளியிடும்படி மத்திய அரசைப் பணித்தது உச்ச நீதிமன்றம். கொரோனா தொற்று உடம்புக்குள் இருக்கும்போது சட்டையை நனைத்து என்ன பயன்? கண் எரிச்சலும் தோல் அரிப்பும்தான் மிச்சம்.

சுரங்கங்களைக் கழற்றிவிட்டோம், அவற்றை நம்ப வைத்த மனப்பான்மை மட்டும் அலுவலகங்களில் அப்படியே இருக்கிறது. காலையில் பினாயில் வாசம் அடித்தால் இடம் சுத்தம் என்று திருப்தியாகிவிடுகிறோம்.

முதலில் அழுக்கு, பிறகு மருந்து

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. மேசையில் எண்ணெய்ப் பிசுக்கோ சாம்பார்க் கறையோ இருந்தால், மேலே ஊற்றும் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே வலுவிழந்துவிடும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான்.

அடுத்தது அளவு. வழக்கமான பரப்புகளுக்குக் கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன குளோரின் செறிவு 0.1 சதவீதம். 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் என்றால், 20 மில்லி எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். வெயிலும் வெப்பமும் பட்டால் கரைசல் வீரியம் இழக்கும் என்பதால் அன்றன்றைக்குக் கலப்பதே சரி.

மூன்றாவது நேரம். தெளித்த கையோடு துடைத்தால் மருந்துக்கு வேலை செய்ய அவகாசமில்லை. டப்பாவில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ, அத்தனை நிமிடமும் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். சானிடைசருக்கும் கணக்கு உண்டு: 99 சதவீத ஆல்கஹாலைவிட 70 சதவீதம் நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். தூய ஆல்கஹாலோ அதற்குள் ஆவியாகிவிடும்.

துணி எங்கே போகிறது?

ஒரு நாள் உங்கள் அலுவலக ஹவுஸ்கீப்பிங் அக்காவின் கையிலுள்ள துணியைக் கவனியுங்கள். கழிவறைக் கதவுப்பிடியைத் துடைத்த அதே துணி லிஃப்ட் பொத்தானுக்கும், தண்ணீர் கேன் குழாய்க்கும், சாப்பாட்டு மேசைக்கும் வந்தால், துடைக்கத் துடைக்கக் கிருமி இடம் மாறுகிறது. குற்றம் அவருடையதல்ல. பக்கெட் ஒன்று, துணி ஒன்று, மூன்று மாடி என்று கொடுத்தவர்கள் நாம். கழிவறைக்கு ஒரு நிறத் துணி, பேன்ட்ரிக்கு இன்னொரு நிறம் என்று பிரித்துக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அவர் உயிரைப் பற்றிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. கறை சீக்கிரம் போகட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கழிவறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்; ஆளையே கொல்லவும் கூடும். இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைப்பதும், கலக்கக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டுவதும், கையுறை தருவதும் நிர்வாகத்தின் கடமை.

காற்றைத் துடைக்க முடியாது

காசநோயும் தட்டம்மையும் கொரோனாவும் முக்கியமாகக் காற்றில் பரவுபவை. மேசையை எத்தனை முறை துடைத்தாலும், மூடிய ஏசி அறையில் இருமுகிறவரின் மூச்சைத்தான் மற்றவர்களும் இழுக்கிறார்கள். ஜன்னலைத் திறப்பதும், வெளிக்காற்று வர வழிசெய்வதும் அங்கே முதல் தேவை.

அதைவிட முக்கியம் விடுப்பு. காய்ச்சலோடு வீட்டில் இருந்தால் ஒரு நாள் கூலி போகும் என்றால், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குத்தான் வருவார்கள். கிருமிநாசினி வாங்கும் பட்ஜெட்டைப் போடும்போதே, சம்பளம் பிடிக்காத நோய் விடுப்பு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் உண்டா என்று நிர்வாகம் பார்க்க வேண்டும். தொற்றுத் தடுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.