அப்பாவுக்கு அறுபது வயசு: இப்போ லைஃப் இன்சூரன்ஸ் எடுக்கலாமா?



போன வருஷம் எங்க அப்பா ரிட்டயர் ஆனார். தனியார் கம்பெனி வேலை. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கணக்கில் ஏறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மயிலாப்பூர் வீட்டுக்குப் போனால் டிவி பக்கத்தில் ஒரு கனமான கவர். பிரித்துப் பார்த்தேன், இன்சூரன்ஸ் பாலிசி.

"என்னப்பா இது?"

"பேங்க்ல சொன்னாங்கடா. எஃப்டி மாதிரிதான், கொஞ்சம் கூடக் குடுப்பாங்களாம். இன்சூரன்ஸும் சேர்ந்தே இருக்காம்."

சி.ஏ. படித்த பிள்ளை ஒரு போன் தூரத்தில் இருக்கேன். "உனக்கு ஆடிட் நேரம், எதுக்குத் தொந்தரவு" என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். பாண்டி பஜாரில் ஒரு சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன்!

உங்க வீட்டிலும் இது நடக்கலாம். அதனால் அந்தக் கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

அந்த பாலிசியில் என்ன இருந்தது?

வருஷம் 2 லட்சம், 5 வருஷம் கட்டணும். மொத்தம் 10 லட்சம். பத்தாவது வருஷ முடிவில் 14 லட்சம் கேரண்டி. இடையில் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்கு 14 லட்சம்.

"பத்து போட்டா பதினாலு, 40% லாபம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எக்செல்லில் ஐ.ஆர்.ஆர். போட்டுப் பாருங்க, வருஷத்துக்குச் சுமார் 4.3%தான் வரும்.

அடுத்தது வரி. 2012 ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்த பாலிசிகளில், பொதுவாக ஒரு வருஷ பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10%க்குள் இருந்தால்தான் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு. இங்கே 14 லட்சத்துக்கு 2 லட்சம், அதாவது 14%க்கும் மேல். ஆக அந்த 4 லட்சம் லாபமும் வருமானக் கணக்கில் வரும். இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு வரும் தொகைக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை.

இதே 10 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2% ஆனது. அந்தக் கணக்கில் மூணு மாசத்துக்கு ஒரு தடவை 20,500 ரூபாய் கைக்கு வரும். வட்டிக்கு வரி உண்டு, ஆனால் வேறு பெரிய வருமானம் இல்லாத பெரியவர்கள் பலருக்கு அது பூஜ்ஜியமாகவே முடியும். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம், ஆனால் கணக்குத் தொடங்கும் நாளின் விகிதம் அந்த 5 வருஷத்துக்கும் நிற்கும்.

பாலிசி கைக்கு வந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. ஃப்ரீ லுக் காலம் 30 நாள். ரத்துக் கடிதம் கொடுத்தோம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அதுவரை இருந்த காப்பீட்டுக்கான சின்னத் தொகை போக மீதி திரும்பி வந்தது. இன்னும் மூணு வாரம் கழித்துப் போயிருந்தால், 10 லட்சமும் பத்து வருஷம் மாட்டியிருக்கும் அல்லது நஷ்டத்தில் சரண்டர் செய்திருக்கணும்.

அப்பா ஏன் நம்பினார்?

அவர் தலைமுறைக்கு இன்சூரன்ஸ் என்றால் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம். 1956ல் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை நாட்டுடைமையாக்கித்தான் எல்.ஐ.சி. உருவானது. அந்தக் கட்டடம் 1959ல் திறக்கப்பட்டது. பாலிசி போட்டால் பணம் பத்திரம், அக்கா கல்யாணத்துக்கு முதிர்வுப் பணம் வரும் என்று பழகிய குடும்பங்கள் நம்முடையவை.

ஆனால் அந்த பாலிசியை அவர்கள் 28 வயதில் எடுத்தார்கள். சம்பாதிக்க 30 வருஷம் மிச்சம் இருந்தது, பிள்ளைகள் சின்னதாக இருந்தார்கள். அதே பொருளை 60ல் வாங்கினால், பிரீமியத்தில் கூடுதல் பங்கு வயசுக்கே போய்விடும்.

கேட்க வேண்டிய கேள்வி

லைஃப் இன்சூரன்ஸ் ஈடு கட்டுவது நின்றுபோகும் வருமானத்தை. அதனால் கேள்வி இதுதான்: *இவர் இல்லாமல் போனால் எந்த வருமானம் நிற்கும், அது யாரைப் பாதிக்கும்?*

எங்க வீட்டில்: சொந்த வீடு, கடன் இல்லை. அப்பாவின் இ.பி.எஸ். பென்ஷன் சின்னத் தொகை. அவருக்குப் பின் அதில் பாதி அம்மாவுக்கு வரும். சேமிப்பின் வட்டி அவருக்குப் பிறகும் அம்மாவுக்கே. அதனால் பாலிசி தேவையில்லை.

அரசு ஊழியர் வீட்டில், பழைய பென்ஷன் திட்டமாக இருந்தால், குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30%. அம்மாவுக்கு அது போதுமா என்று முதலில் பாருங்க.

இப்போ அடையாறில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 56 வயசு, இன்னும் வேலையில் இருக்கார். வீட்டுக் கடன் 18 லட்சம் பாக்கி, தங்கை காலேஜில். இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் வேணும். ஆனால் முதிர்வுத் தொகை இல்லாத சுத்தமான டேர்ம் பாலிசி, கடனும் படிப்பும் முடிகிற 65 வயசு வரைக்கும். அதுவும் தள்ளிப்போடாமல். ரிட்டயர் ஆனபின் வருமானச் சான்று இருக்காது, பெரும்பாலான டேர்ம் திட்டங்களில் 65 வயசுக்கு மேல் சேரவும் முடியாது.

தன் காலில் நிற்க முடியாத ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. அங்கே பெற்றோரின் காப்பீட்டுத் தேவை 60ல் முடிவதில்லை.

எடுப்பதாக முடிவு செய்தால்

* சுகர், பி.பி., பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீங்க. பிரீமியம் கூடும், கூடட்டும். 3 வருஷம் முடிந்தபின் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவு சொல்கிறது. அதற்குள் ஏதாவது ஆனால், மறைத்த சுகர்தான் க்ளெய்முக்கு எதிராக நிற்கும்.
* படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் அப்பா ஒரு தடவை முழுசாப் படிக்கணும்.
* நாமினி அம்மாவா, பேர் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கா என்று பாருங்க. 2015 திருத்தத்துக்குப் பிறகு துணைவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது.
* அப்பாவின் லைஃப் பாலிசிக்கு நீங்க பிரீமியம் கட்டினால் 80சி சலுகை உங்களுக்குக் கிடையாது. ஹெல்த் இன்சூரன்ஸுக்கு உண்டு. மூத்த குடிமகனான பெற்றோருக்கு 50,000 வரை, அதுவும் பழைய வரி முறையில் மட்டும்.

அறுபதைத் தாண்டிய பெரும்பாலான அப்பா அம்மாவுக்கு முதலில் வேண்டியது அந்த ஹெல்த் பாலிசிதான். புது பாலிசியில் 65 வயசு வரைக்கும் சேர்த்தால் போதும் என்ற பழைய விதியை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024ல் எடுத்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு 3 வருஷம் வரை போகலாம் என்பதால் சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது.

அதே கேள்வி உங்களுக்கும்

மாசாமாசம் வீட்டுக்கு 20,000 அனுப்புறீங்க. அம்மாவின் மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் அதில்தான் ஓடுது. இப்போ கேளுங்க: எந்த வருமானம் நின்றால் இந்த வீடு ஆடும்? உங்களுடையது!

அப்படியானால் டேர்ம் பாலிசி எடுக்க வேண்டியவர் நீங்க, நாமினி அம்மா அப்பா. ஆபீஸ் கொடுக்கும் குரூப் கவரை நம்பி உட்கார வேண்டாம், பொதுவாக அது வேலையை விடுகிற நாளோடு போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு அப்பாவோடு உட்கார்ந்து பீரோவில் இருக்கிற பாலிசிகளை எல்லாம் எடுத்து வைங்க. பாலிசி எண், தொகை, முதிர்வுத் தேதி, நாமினி நாலையும் ஒரு தாளில் எழுதுங்க. அப்படியே ஒண்ணு சொல்லிடுங்க: "அப்பா, எங்க கையெழுத்துப் போடறதா இருந்தாலும் முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. ஆடிட் நேரமா இருந்தாலும் பரவாயில்லை."