சிறையிலிருந்து ஒரு வழக்கு: தாமதம் யாருக்கு லாபம்?



சிறைக்குள் இருந்து நியாயம் கேட்பது எவ்வளவு சிரமம் என்பதை எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐக்கிய அமெரிக்காவில் அந்தச் சிரமம் எங்கெங்கே இருக்கிறது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

மாநில அதிகாரி ஒருவர் அரசியலமைப்பு தந்த உரிமையைப் பறித்தால், அவர்மீது வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளிக்கிறது. கைதிகளும் இதன்கீழ் வழக்காடலாம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1964இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவம் மறுக்கப்படுவது, காவலர் தாக்குவது, வழிபாட்டைத் தடுப்பது போன்றவை இவ்வாறு நீதிமன்றத்துக்கு வருகின்றன. வழக்குகள் பெருகிவிட்டன, பல அற்பமானவை என்று கூறி, 1996இல் காங்கிரஸ் சபை கடுமையான சட்டமொன்றைக் கொண்டுவந்தது.

அதன்படி, கைதி முதலில் சிறை நிர்வாகத்திடமே முறையிட்டு, அங்குள்ள எல்லாப் படிகளையும் முடிக்க வேண்டும். சிறை வைத்த காலக்கெடு தவறினால் வழக்கே தள்ளுபடியாகலாம். 2006இல் உயர் நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

அடுத்தது பணம். வழக்குக் கட்டணம் 350 டொலர். ஏழைக் கைதிக்கும் விலக்கு இல்லை. தவணை மட்டுமே உண்டு. மாத வரவில் ஐந்திலொரு பங்கு பிடிக்கப்படும். கணக்காளன் என்ற முறையில் கூட்டிப் பார்த்தேன்: வீட்டார் மாதம் 20 டொலர் அனுப்பினால் பிடிப்பது 4 டொலர். கடன் தீர ஏழு வருடங்களுக்கு மேலாகும். வழக்குத் தள்ளுபடியானாலும் கட்டணம் கட்டியே ஆகவேண்டும்.

பின்னர் நீதிபதி மனுவை வடிகட்டிப் பார்க்க வேண்டும். அதை எத்தனை நாளில் முடிப்பது என்று சட்டம் நாட்கணக்குச் சொல்லவில்லை. குடியியல் வழக்கு என்பதால் அரச செலவில் சட்டத்தரணி கேட்கும் உரிமையும் இல்லை. பெரும்பாலானோர் தாமே எழுதி, தாமே வாதாடுகிறார்கள்.

நீதிபதிகளுக்குக் கணக்குக் கேட்பார் இல்லையா? ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் தீர்க்கப்படாத விண்ணப்பங்களும் மூன்று வருடத்துக்கு மேல் முடியாத வழக்குகளும் நீதிபதியின் பெயருடன் வருடத்தில் இருமுறை வெளியிடப்படுகின்றன. ஆனால் பட்டியலில் பெயர் வந்தால் தண்டனை ஏதுமில்லை.

தாமதத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. சிறையின் நடைமுறையை மாற்றும்படி கேட்டவர், தீர்ப்புக்கு முன் விடுதலையானாலோ வேறு சிறைக்கு மாற்றப்பட்டாலோ, அந்தக் கோரிக்கை பொதுவாகச் செத்துவிடும். நட்டஈட்டுக் கோரிக்கை மட்டும் மிஞ்சும். நோயாளியின் நிலை இன்னும் மோசம். நோய் தவணை கேட்பதில்லை. கலிபோர்னியாச் சிறைகளில் மனநல மருத்துவம் பற்றிய வழக்கு 1990இலும், பொது மருத்துவம் பற்றிய வழக்கு 2001இலும் தொடங்கின. நெரிசலைக் குறைக்கும் கட்டளையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2011இல்.

ஆகவே, அங்கே உறவினர் சிறையில் இருந்தால் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முறைப்பாட்டின் பிரதிகளைத் திகதியுடன் பத்திரப்படுத்துங்கள். சிறை மாற்றப்பட்டால் புதிய முகவரியை அவர் உடனே நீதிமன்றத்துக்கு அறிவித்தாரா என்று கேளுங்கள். அறிவிக்காததால் தள்ளுபடியான வழக்குகள் உண்டு. பணம் அனுப்பும்போது பிடிப்பையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.